தகப்பன் பெயர் முன்னுக்கு

11.11.1986, செவ்வாய்

இது இப்படித்தான் வரும் என்று நான் முதலே சொன்னவன். எங்கள் கொம்பனியின் கம்ப்யூட்டர்களுக்குள் இருக்கிற ஃபைல்கள் அத்தனைக்கும் பெயர் மாற்ற வேண்டும் என்று இன்று காலைக் கோப்பி இடைவேளையில் எங்கள் ஷெஃப், அதாவது முதலாளி, ஹெர் ஆம்ஸ்லர் அறிவித்தார். மற்றவர்கள் வாயைப் பிளந்தார்கள். நான் பிளக்கவில்லை, கோப்பி ஊற்றிக்கொண்டு நின்றேன். கோடை காலமே இதைச் சொல்லியிருக்கிறேன். யாரிடம் சொன்னேன் என்பது ஞாபகமில்லை, என் மனைவி புனிதவதியிடமாக இருக்கும். அவள் மறுக்கிறாள். பெண்சாதிமார் மறுப்பது வழக்கம்தானே.

ஓர்லிகோன் ஸ்டேஷனுக்குப் பின்னால் மூன்றாம் மாடியில் இருக்கிற கொம்பனி இது. ஹோட்டல்களுக்குப் புரோகிராம் எழுதி விற்கிறது. அறைக் கணக்கு, சாப்பாட்டுக் கணக்கு, அந்த மாதிரி. நான் அங்கே உள்விவகாரப் பொறுப்பாளர். கோப்பி, தபால், அச்சு மெசினுக்குக் கடதாசி, அச்சடித்ததை மேசை மேசையாகக் கொண்டுபோய்க் கொடுப்பது. நான் ஒரு நாள் படுத்தால் அந்தக் கட்டடமே படுத்துவிடும்.

இந்தப் பெயர் மாற்ற வேலையை யாரிடம் கொடுத்தார்? நித்தியானந்தனிடம்! கடவுளுக்குக் கண் இருக்கிறது.

ஏன் என்று எழுதி வைக்கிறேன், கோபம் ஆறிப்போகக் கூடாது. போன சனிக்கிழமை தீபாவளி ஒன்றுகூடல். மண்டபம் நிறைய எங்கள் ஆட்கள். கூர் என்கிற மலையூரிலிருந்து வந்த இராஜசிங்கம் குடும்பத்துக்கு, கொம்பனியின் கம்ப்யூட்டர்களில் பாதி என் பொறுப்பில்தான் ஓடுகிறது என்று விளங்கப்படுத்திக்கொண்டு நின்றேன். பாதி என்றது கொஞ்சம் கூடத்தான். ஆனால் அவற்றின் தூசியைத் துடைப்பது நான், அது பொறுப்பில்லையோ? அப்போது வந்தான் இந்த நித்தியானந்தன். முப்பது வயது, கொழும்பில் படித்தவன். எனக்குத் தெரிய இந்த நாட்டில் தட்டுக் கழுவும் தொட்டிக்கு முன்னால் நிற்காமல் கம்ப்யூட்டருக்கு முன்னால் கதிரையில் இருக்கிற ஒரே அகதித் தமிழன். என் தோளில் கையை வைத்து, எல்லாருக்கும் கேட்கச் சொன்னான்:

"அண்ணை, உங்கட கோப்பி திறம். திங்கக்கிழமை எனக்குச் சீனி மட்டும் ஒரு கரண்டி கூடப் போடுங்கோ."

மண்டபம் சிரித்தது. இராஜசிங்கத்தின் மனைவி பல்லுச் செற் கழன்று விழச் சிரித்தாள். (விழவில்லை. விழுந்ததாகத்தான் எல்லாருக்கும் சொல்லி வருகிறேன்.)

அன்றிலிருந்து நான் சீனி அண்ணை. கடையில் சீனி அண்ணை. ட்ராமில் சீனி அண்ணை. அவ்வளவு தூரத்து டாவோஸிலிருந்து போன் எடுத்த ஒருத்தன் புனிதவதியிடம் "சீனி அண்ணை நிக்கிறாரோ?" என்று கேட்டிருக்கிறான். பாலசிங்கம் என்று என் அப்பு வைத்த பெயரை மூன்று நாளில், நாடு முழுக்க, ஓரிடம் விடாமல் மாற்றிப்போட்டான் பாவி.

இனி ஃபைல்களுக்கு மாற்றட்டும் பார்ப்போம். அந்தக் கதிரையிலிருந்து அவன் இறங்கும் வரைக்கும் அவனோடு ஒரு சொல் கதைக்க மாட்டேன் என்று புனிதவதியின் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தேன். அவள் கையைத் தட்டிவிட்டாள். "உங்கட சத்தியத்துக்கு என்ரை தலை என்னத்துக்கு? உங்கட தலை சும்மாதானே கிடக்கு."


12.11.1986, புதன்

ஒன்பது மணிக் கோப்பிக்கு அவனுடைய கோப்பையில் சீனிக்குப் பதிலாக உப்புப் போட்டேன். அதை ஹெர் ஆம்ஸ்லர் எடுத்துவிட்டார். இந்தப் பருவத்தில் மலைத் தண்ணீரில் உப்பு ஏறும் என்று சொன்னேன். நம்பித்தான் துப்பினார் என்று நினைக்கிறேன்.


17.11.1986, திங்கள்

வெளியில் நிற்பவனுக்குப் பெயர் மாற்றுவது விளையாட்டு. அதன் வில்லங்கம் கடதாசி சுமக்கிற எனக்குத்தான் தெரியும், எல்லாம் என் கையால் போவது.

பத்து வருஷமாக வந்தவன் போனவன் எல்லாம் தன் இஷ்டத்துக்குப் பெயர் வைத்திருக்கிறான். ஒருத்தன் தன் காதலிமாரின் பெயர்கள்: கெர்ட்ரூட், உர்சுலா, பிறகு கெர்ட்ரூட்2. சமாதானமாகிவிட்டார்கள் போல. இன்னொருத்தன் மலைகளின் பெயர். அறைக் கணக்குப் பார்க்கிற பெரிய ஃபைலின் பெயர் ரோஸ்டி. உருளைக்கிழங்குப் பொரியல்! இப்படி நூற்றுக்கணக்கில் கிடக்கிறது. எட்டு எழுத்துக்கு மேல் மெசின் ஏற்காது.

வெளியில் பெயரை மாற்றுவது ஒரு நிமிஷ வேலை. ஆனால் ஒரு ஃபைல் இன்னொன்றைப் பெயர் சொல்லிக் கூப்பிடும். ரோஸ்டிக்குள்ளே பத்து இடத்தில் 'கெர்ட்ரூட், இங்கே வா' என்று எழுதியிருக்கும். கெர்ட்ரூட்டுக்கு வெளியில் புதுப் பெயர் வைத்துவிட்டு, உள்ளே கூப்பிடுகிற இடத்தில் மாற்றாமல் விட்டால், கூப்பிட்ட குரலுக்கு ஆள் வராது. மெசின் நின்றுவிடும். ஓரிடம் விட்டாலும் போச்சு.

ஓரிடம் விட்டாலும் போச்சு! எழுதவே நாக்கில் தேன் சொட்டுகிறது.

நத்தார்ப் பண்டிகைக்கு முன்னம் முடிக்க வேண்டும். நான் தட்டோடு உள்ளே போனபோது ஆம்ஸ்லர் அவனிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: ஒழுங்காகச் செய்தால் வேலை நிரந்தரம், பிழை விட்டால் வேறு இடம் பார்க்க வேண்டியதுதான். தட்டை வைத்துவிட்டு வெளியே வந்து சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு சின்ன ஆட்டம் போட்டேன்.


21.11.1986, வெள்ளி

அவனுக்கு முறை பிடிபடவில்லை. பெயரைப் பார்த்த உடனே எந்த ஃபைல் எந்த வேலைக்கு உரியது என்று தெரிய வேண்டும் என்கிறார் ஆம்ஸ்லர். எட்டு எழுத்துக்குள் எப்படித் தெரியும்? அவனுடைய குப்பைக் கூடை நிறையக் கசக்கிய கடதாசி. அதைக் கொட்டும்போது எனக்கு வந்த ஆனந்தம் தேர்த் திருவிழாவிலும் வந்ததில்லை.

டாவோஸில் நான் வேலை செய்த காலத்தில் பனிச்சரிவு வரப்போகிறது என்று முதல் நாளே சொன்னேன். வரவில்லை. ஆனால் வந்திருக்கலாம். அந்த மாதிரித்தான் இதுவும், எனக்கு வாசம் தெரியும்.


26.11.1986, புதன்

இன்று பொறி வைத்தேன்.

புனிதவதி, இந்த நாட்குறிப்புக் கொப்பியை நீ களவாக வாசிக்கிறாய் என்று எனக்குத் தெரியும், பக்கத்தில் மிளகாய்த் தூள் ஒட்டியிருக்கிறது. ஆகவே விளக்கமாக எழுதுகிறேன். அவனோடு நான் கதைத்தது சத்தியத்தை முறித்ததாகாது. பொறி வைக்கிறவன் எலியோடு கொஞ்சம் பழகத்தான் வேண்டும்.

மத்தியானம் சமையலறைக்கு வந்தான். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. கதிரை ஒன்றை என் பக்கம் இழுத்துப் போட்டான்.

"அண்ணை, கொஞ்சம் இருங்கோவன். எனக்கு விசர் பிடிக்குது."

நான் இருக்கவில்லை. பிறகு இருந்தேன், பொறிக்காக.

"உந்தப் பேருகளை என்னண்டு ஒழுங்குபடுத்துறது எண்டு தெரியேல்லை. எல்லாம் தனித்தனியாத் தொங்குது. ஆர் ஆரின்ரை ஆள் எண்டு விளங்கேல்லை."

"நாங்கள் வைக்கிற மாதிரி வையன்ரா," என்றேன். "தேப்பன்ரை பேர் முன்னுக்கு, பிள்ளையின்ரை பேர் பின்னுக்கு. க. பாலசிங்கம் எண்டால் கதிர்காமற்றை மோன் பாலசிங்கம். ஊரிலை முன்னெழுத்தைப் பாத்தே வீட்டைக் காட்டுவாங்கள்."

அவன் எழும்பி நின்றுவிட்டான். "ஓம் அண்ணை... அறைக் கணக்குத்தான் தேப்பன். அதுக்குக் கீழை நிக்கிற எல்லாத்துக்கும் முன்னுக்கு அந்த மூண்டெழுத்து. மிச்ச அஞ்செழுத்துச் சொந்தப் பேர்..." தன்பாட்டில் சொல்லிக்கொண்டு, எனக்கு ஊற்றி வைத்திருந்த கோப்பியையும் எடுத்துக் குடித்துவிட்டு ஓடினான்.

எலியின் தலை உள்ளே போய்விட்டது. இந்த முறை ஒருநாள் சறுக்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன். கவனி புனிதவதி, தெரிந்துதான்.


27.11.1986, வியாழன்

திரும்பவும் வந்தான். தானாக வந்தான், நான் கூப்பிடவில்லை.

"அண்ணை, ஒரு சிக்கல். காலைச் சாப்பாட்டுக் கணக்குப் பாக்கிற ஃபைல் ஒண்டு இருக்கு. தனிய வாற ஆக்களின்ரை பில்லும் அதைக் கூப்பிடுது, பஸ்ஸிலை கூட்டமா வாற ஆக்களின்ரை பில்லும் அதைக் கூப்பிடுது. ரெண்டு தேப்பன். முன்னெழுத்து ஆற்றை போடுறது?"

"இதுக்கே முழிக்கிறாய்? எனக்கு எத்தினை பேர்? இஞ்சை கொண்டந்துவிட்ட ஏஜென்சிக்காரன் கள்ளப் பாஸ்போட்டிலை அடிச்ச பேர் ஒண்டு. அகதி மனுவிலை குடுத்த சொந்தப் பேர் மற்றது. ஒரு அரசாங்கக் கந்தோர்க் கடிதம் ஒரு பேருக்கு வருது, மற்றக் கந்தோர்க் கடிதம் மற்றப் பேருக்கு வருது. ரெண்டும் என்ரை வீட்டுக்குத்தானே வருது? ரெண்டு பேரையும் வை."

"உங்களுக்குப் பேர் ரெண்டு, ஆள் ஒண்டு. உந்த மெசினிலை அப்பிடி வைக்க ஏலாது அண்ணை. ரெண்டு பேர் எண்டால் ரெண்டு ஆளாப் பிரதி எடுத்துத்தான் வைக்கோணும்."

"அப்ப ரெண்டு ஆளா வை. ஒரு பாலசிங்கத்தையே இந்த நாடு தாங்குது, ரெண்டு எண்டாலும் தாங்கும்."

அவன் சிரித்தான். நானும் சிரித்தேன், பொறிக்காக.


1.12.1986, திங்கள்

புனிதவதி வாசித்துவிட்டாள். தான் வாசிக்கவில்லை என்று சொல்லிக்கொண்டே கேட்கிறாள்:

"இஞ்சருங்கோ, பொறி வைக்கிற ஆள் எலிக்கு என்னத்துக்கு வடை கட்டிக்கொண்டு போறியள்?"

"வடை இல்லாமல் என்ன பொறி?"

"ஒரு வடை காணாதோ? நாலு கொண்டு போனனீங்கள்."

வியூகம் வகுக்கிறவன் எல்லாவற்றையும் வீட்டில் சொல்லக் கூடாது.


8.12.1986, திங்கள்

சனி ஞாயிறு இரண்டு நாளும் இருந்து முடித்துவிட்டான். ஒவ்வொரு ஃபைலுக்குள்ளும் நுழைந்து பழைய பெயரைத் தேடிப் புதுப் பெயரைப் போட்டுவிட்டு வருகிற ஒரு சின்னப் புரோகிராம் எழுதியிருக்கிறான். அதை ஓட விட்டுவிட்டுக் கைகட்டி இருந்தானாம்.

காலையில் ஒரு சறுக்கல். 'டாக்' என்று ஒரு பழைய ஃபைல் இருந்தது, ஜெர்மனில் நாள் என்று அர்த்தம். அதைத் தேடி மாற்றப் போனால், இவர்களின் கிழமைப் பெயர்களின் வாலிலும் அந்த டாக் இருக்கிறது. புதனைத் தவிர மற்ற எல்லாக் கிழமையும் குதறப்பட்டு அச்சில் வந்தது. அந்தக் கடதாசியை ஆம்ஸ்லரின் மேசைக்குக் கொண்டுபோனது இந்தக் கைதான். இடுப்பை ஒடித்து ஒரு வணக்கமும் போட்டு வைத்தேன். மனம் குளிர்ந்தது.

மத்தியானத்துக்குள் திருத்திவிட்டான். ஒரு மெசினும் நிற்கவில்லை. ஓரிடமும் விடவில்லை. என்னைச் சீனி ஆக்கின கையல்லவோ.


12.12.1986, வெள்ளி

ஆம்ஸ்லர் வைன் போத்தல் உடைத்தார். பத்து வருஷக் குப்பையைப் பத்து நாளில் கூட்டிவிட்டான் என்று நித்தியானந்தனின் முதுகில் தட்டினார். பெயரைப் பார்த்தவுடன் குடும்பம் தெரிகிறது, இந்த யோசனை எங்கிருந்து வந்தது என்று கேட்டார். அவன் என்னைப் பார்த்தான். நான் கிளாஸ் துடைத்துக்கொண்டு நின்றேன். "எங்கட ஊர் வழக்கம்," என்றான் ஜெர்மனில்.

ஊர் வழக்கம்! ஊருக்கு வாய் இருக்கோ? சொன்ன ஆளின் பெயரைச் சொன்னால் என்ன, முத்தா உதிரும்? பொறி என்னுடையது, வடையை அவன் தின்றுகொண்டு போகிறான். இது என்ன நியாயம்? இவனைச் சும்மா விடக் கூடாது.


22.12.1986, திங்கள்

நடந்தது! நான் சொன்னேனா இல்லையா?

டாவோஸில் ஒரு ஹோட்டல், எங்கள் வாடிக்கை. ஆறு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு இந்தப் பருவம் காலைச் சாப்பாடு இலவசம் என்று அறிவித்துவிட்டு, அதைப் புரோகிராமிலும் மாற்றித் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். போன கிழமை உர்ஸ் என்கிற பொடியன் சாப்பாட்டு ஃபைலைத் திறந்து திருத்தி அனுப்பினான். ஒன்றைத் திருத்தினான். மற்றத் தகப்பனின் பெயரில் இன்னொன்று கிடப்பது அவனுக்குத் தெரியாது. பெயர்தான் வேறாயிற்றே!

தனியாக வந்தவர்களின் பில் சரி. ஞாயிறு காலை பஸ்ஸில் வந்த குடும்பங்கள் புறப்பட நின்றபோது பிள்ளைகள் தின்ற பாணுக்கும் ஜாமுக்கும் காசு போட்டு பில் வந்திருக்கிறது. சண்டை. பஸ் புறப்படவில்லை. ஒரு தகப்பன் வரவேற்பு மேசையில் ஏறி நின்று கத்தினானாம். (ஏறி நின்றது என் சேர்க்கை.) ஹோட்டல்காரன் இன்று ஆம்ஸ்லருக்குப் போனில் கத்தியது எனக்குச் சமையலறை வரை கேட்டது. இது சேர்க்கையில்லை.


23.12.1986, செவ்வாய்

கூட்டம். நான் கோப்பித் தட்டோடு கதவடியில் நின்றேன்.

ஒரே வேலையைச் செய்கிற ஃபைலை யார் இரண்டாக்கச் சொன்னது என்று ஆம்ஸ்லர் கேட்டார். நித்தியானந்தன் என் பக்கம் திரும்பவேயில்லை.

"என்ரை யோசனை," என்றான். "நான்தான் செய்தனான்."

ஜனவரியிலிருந்து வர வேண்டாம் என்றார் ஆம்ஸ்லர். சத்தம் போட்டுச் சொல்லவில்லை. சீனி வேண்டுமா என்று கேட்கிற மாதிரிச் சொன்னார்.

ஒரு வசனம் என் நாக்கு நுனியில் நின்றது. அந்த முறையைச் சொன்னது நான், நான் பாலசிங்கம், உங்கள் மெசின்கள் ஓடுவது என் சொல்லில் என்று அத்தனை பேருக்கும் முன்னால் சொல்லியிருக்கலாம். என் ஆயுசில் அப்படி ஒரு மேடை திரும்பக் கிடையாது. ஆனால் பொறி வைத்தவன் பொறியைக் காட்டிக் கொடுப்பானோ? கோப்பியை வைத்துவிட்டு வந்தேன். சீனிக் கிண்ணத்தைத் தட்டிலேயே திருப்பிக் கொண்டுவந்துவிட்டேன். ஒருத்தரும் கேட்கவில்லை.

வெற்றி. வெற்றி என்று எழுதி வைக்கிறேன்.


27.12.1986, சனி

எங்கள் ஆட்கள் சாமான் வாங்குகிற சண்முகநாதனின் கடையில் நல்ல சனம். முதலில் உள்ளதைச் சொன்னேன்: கொம்பனி ஃபைல்களுக்குப் பெயர் வைக்கிற முறையே நான் கொடுத்ததுதான் என்று.

"சீனி அண்ணை, கம்ப்யூட்டருக்கு முகம் எந்தப் பக்கம், முதுகு எந்தப் பக்கம் எண்டு தெரியுமோ உங்களுக்கு?" என்றான் சண்முகநாதன். சிரிப்பு.

அப்போது பொறிக் கதையை எடுத்து விட்டேன். தீபாவளிக்கு அவமானப்படுத்தினான், வேண்டுமென்று பிழையான புத்தி சொன்னேன், விழுந்தான், கதிரை போனது. அரிசி நிறுத்திக்கொண்டிருந்தவன் தராசை அப்படியே விட்டான். புத்தி இருந்தது என்றால் ஒருத்தரும் நம்பவில்லை, வஞ்சகம் இருந்தது என்றால் உடனே நம்புகிறார்கள்.

"பாலசிங்கம் அண்ணையோடை கொழுவக் கூடாதப்பா," என்றான் சண்முகநாதன். முழுப் பெயர்! மிச்சக் காசை இரண்டு கையாலும் தந்தான்.

வீட்டில் புனிதவதி பால்தேத்தண்ணி போட்டுத் தந்தாள். கேட்காமல் தந்தாள்.


5.1.1987, திங்கள்

தன் சாமான்களை எடுக்க வந்தான். ஒரு ஷொப்பிங் பையில் அடங்கிவிட்டது. சமையலறைக்கும் வந்தான். இன்றைக்குக் கதிரை இழுக்கவில்லை, நின்றான்.

"அண்ணை, கடையிலை ஆக்கள் ஒரு கதை கதைக்கினம். நீங்கள் வேணுமெண்டு எனக்குப் பிழையாச் சொல்லித் தந்தனீங்களாம். நான் சொன்னன், அவர் அப்பிடிச் செய்யார், பகிடிக்குச் சொல்லியிருப்பார் எண்டு. உண்மையோ?"

என்ன சொல்ல? இல்லை என்றால் கடையில் நான் மறுபடி சீனி. 

"ஓம்," என்றேன். "வேணுமெண்டுதான்."

பையை மற்றக் கைக்கு மாற்றினான். கோபித்திருந்தால் நான் நாலு வசனம் தயாராக வைத்திருந்தேன்.

"தீபாவளிக்குச் சொன்னதுக்கோ அண்ணை? அது பகிடியெல்லோ," என்றான். "சரி. நான் வாறன்."

போய்விட்டான்.


9.1.1987, வெள்ளி

ஆம்ஸ்லர் சொல்லிவிட்டார், பெயர்கள் இப்படியே இருக்கட்டும், இன்னொரு தரம் மாற்ற யாருக்கும் தெம்பில்லை. சாப்பாட்டு ஃபைல் இரண்டையும் உர்ஸ் ஒன்றாக்கி முன்னெழுத்து இல்லாமல் விட்டான். அது ஒன்றுதான் அநாதை. மற்ற அத்தனையும் தகப்பன் பெயர் முன்னுக்கு நிற்க ஓடுகிறது. நன்றாகத்தான் ஓடுகிறது.

இரண்டு பெயர் வேண்டாம், முன்னெழுத்தை எடுத்துவிடு என்று அன்றைக்கே நான் சொல்லியிருக்கலாம். அது எனக்குத் தோன்றவில்லை. அவனுக்கும் தோன்றவில்லை. இங்கே இரண்டு பெயரோடு திரிகிற எங்களுக்கு அது எப்படித் தோன்றும்?


14.1.1987, புதன். தைப்பொங்கல்

மின்சார அடுப்பில் பொங்கினோம். பால் கிழக்குப் பக்கம் வழிந்தது என்று எல்லாருக்கும் போனில் சொன்னேன். எந்தப் பக்கமும் வழியவில்லை, புனிதவதி முதலே இறக்கிவிட்டாள்.

இராஜசிங்கம் கூரிலிருந்து வாழ்த்துச் சொல்ல எடுத்தான். நித்தியானந்தன் அங்கே ஒரு ஹோட்டல் சமையலறையில் நிற்கிறானாம். தட்டுக் கழுவிக் கழுவிக் கை வெடித்திருக்கிறது, கை கொடுத்தபோது பார்த்தேன் என்றான். "உங்களோடை கொழுவினால் உதுதான் பாலசிங்கம் அண்ணை," என்று சொல்லிச் சிரித்தான். நானும் சிரிக்க வேண்டிய இடம்தான்.

போனை வைத்ததும் புனிதவதி, "வெண்டிட்டியள்தானே, பேந்து ஏன் முகம் உப்பிடிக் கிடக்கு?" என்றாள். நான் இந்தக் கொப்பியை எடுத்துக்கொண்டு யன்னலடிக்கு வந்துவிட்டேன். கூருக்குப் போகலாம். போய் என்னத்தைச் சொல்ல? நான் வாயைத் திறந்து சொல்லி அவன் நம்பினது இரண்டே விஷயம். முதலாவது, அந்தப் பெயர் யோசனை. அதால் அவனுக்கு வேலை போனது. இரண்டாவது, அந்த 'ஓம்'.

புனிதவதி, நீ எப்படியும் வாசிப்பாய், மேசையில் திறந்தே வைக்கிறேன். நவம்பர் இருபத்தாறில் எழுதினதில் அவன் வந்தது, கேட்டது, நான் சொன்னது எல்லாம் சரி. பொறி மட்டும் நான் வீட்டுக்கு வந்து, சத்தியத்தை முறித்ததுக்கு நீ ஏசுவாய் என்று சேர்த்தது. அன்றைக்கு அவன் கதிரையை இழுத்துப் போட்டு, இருங்கோ அண்ணை என்றான். எனக்குத் தெரிந்ததில் நல்லதாகப் பட்டதைச் சொன்னேன். அது சரிவர வேண்டும் என்றுதான் சொன்னேன்.